ஃப்ரீமேண்டில் கடலும் எங்கள் வீட்டுக் கிணறும்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீமேண்டில் கடற்கரையில் நீந்திவிட்டுக் கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"இந்தியாவில் உங்களுக்கு எந்தக் கடலோர ஊர்?"

"அருப்புக்கோட்டைப் பக்கம்."

"அங்கே கடற்கரை அழகாக இருக்குமா?"

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். அருப்புக்கோட்டையிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் முதலில் வருவது கருவேலங்காடுதான். நான் பிறந்தது திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். குண்டாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டோம். ஆற்றைப் பார்க்கப் போயிருப்போம். நீந்த அல்ல, பார்க்க.

"எங்கள் ஊரில் கடல் இல்லை. கிணற்றில் கற்றுக்கொண்டேன்" என்று அவளிடம் சொன்னேன். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அதற்கு மேல் ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. வீட்டுக்கு வந்ததும் தமிழில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

என் கணவருக்குப் பாளையம்பட்டி. மளிகைக்கடைக் குடும்பம். கல்லாவில் உட்கார மறுத்துக் கணக்குப் படித்து வாத்தியாரானவர் அவர் ஒருவர்தான். கல்யாணமானதும் ஜாம்பியாவுக்குப் போனோம். ஒப்பந்த வேலை. எங்கள் ஒரே மகள் வித்யா அங்கேதான் பிறந்தாள். ஒப்பந்தம் முடியப் போகிற சமயத்தில், மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பள்ளிகளுக்குக் கணக்கு வாத்தியார்கள் தேவை என்று தெரிந்து எழுதிப் போட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தோம்.

ஆஸ்திரேலியா என்றால் கடலும் பச்சைப் புல்லும் என்று நினைத்திருந்தேன். எங்களைக் கொண்டுபோய் விட்டது கோதுமை விளைகிற ஒரு சிற்றூரில். பெட்டியை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தேன். செம்மண், காய்ந்து மடிந்த புல், கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்க்கிற விவசாயி ஒருவர்.

"இதுக்கு நம்ம ஊருப் பக்கம் காரியாபட்டியிலயே வேலை கேட்டிருக்கலாமே" என்றேன் கணவரிடம்.

குடியேற்ற அலுவலகத்தில் என் பெயரால் ஒரு தகராறு. என் பெயர் துணைமாலை. திருச்சுழிக் கோயில் அம்மனின் பெயர். எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதிதாகத் தோன்றாத பெயர். குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இல்லாமல் இருக்க முடியாது என்றார்கள். பாஸ்போர்ட்டில் இருந்த அய்யாவின் பெயரை, அதாவது என் அப்பாவின் பெயரை, என் குடும்பப் பெயர் ஆக்கினார்கள். வித்யாவுக்கு என் கணவர் பெயர். அதனால் ஒவ்வொரு முறை அவளைப் பள்ளியில் சேர்க்கும்போதும், "நீங்கள் இவளுடைய சொந்த அம்மாதானா?" என்று மரியாதையாக ஒரு கேள்வி வரும். அக்கம்பக்கத்தில் என் பெயரைச் சுருக்கி 'ட்யூனா' என்று கூப்பிட்டார்கள். அன்பாகக் கூப்பிடுகிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் டப்பாவில் அடைத்த சூரை மீனுக்கு அதுதான் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது.

கோடை விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு ஃப்ரீமேண்டிலுக்குப் போவோம். பழைய துறைமுக நகரம். இங்கிலாந்திலிருந்து கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து, அவர்களை வைத்தே சிறைச்சாலையையும் கட்டிக்கொண்ட ஊர். சுண்ணாம்புக்கல் சுவர்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். கம்பளி மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கிகள் வரிசையாக நிற்கும். அருப்புக்கோட்டைப் பருத்திக் கிட்டங்கிகளைப் பார்த்தவர்களுக்கு அவை வேற்று ஊர்போலத் தோன்றாது. வாசனை மட்டும் வேறு. மீன்பிடிப் படகுத்துறை முழுக்க இத்தாலிக்காரர்கள். சத்தம் போட்டுப் பேசுவார்கள், கையை ஆட்டுவார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு இளகும்.

முதல் முறை போனபோது தாங்க முடியாத வெக்கை. மீன் வறுத்து விற்கிற கடைக்காரர், "கொஞ்சம் பொறுங்கள், டாக்டர் வந்துவிடுவார்" என்றார். "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று பதறிக் கேட்டேன். கடையே சிரித்தது. மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வீசுகிற குளிர்ந்த காற்றுக்கு அந்த ஊரில் 'டாக்டர்' என்று பெயராம். டாக்டர் வந்தார். சட்டை படபடக்க நின்றுகொண்டு என் கணவர் கடலைக் காட்டினார்.

"இது இந்தியப் பெருங்கடல். இங்க இருந்து சாய்வா ஒரு கோடு போட்டா, தூத்துக்குடிக்குப் பக்கத்துல போய் முட்டும்."

"பின்ன ஏம்ப்பா பிளேன்ல போறோம்?" என்று கேட்டாள் வித்யா. அப்போது அவள் தமிழில்தான் கேள்வி கேட்பாள்.

3

அது நடந்தபோது வித்யாவுக்குப் பத்து வயது. எங்கள் சிற்றூரில் பொது நீச்சல் குளம் இருந்தது. பள்ளியில் பாடம்போல நீச்சல் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அவள் நன்றாக நீந்துவாள். அதனால் பயமில்லாமல் விட்டிருந்தேன்.

ஃப்ரீமேண்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை. கணவர் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி கணுக்கால் நனையும் அளவுக்கு நான் நின்றிருந்தேன். வித்யா எனக்கு முன்னால் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தாள். மணலில் கிடந்த ஒரு சிப்பியைக் குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் தள்ளிப் போயிருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இன்னும் தள்ளிப் போனாள். அவள் முகம் கரையைப் பார்த்து இருந்தது. கைகள் கரையை நோக்கி அடித்துக்கொண்டிருந்தன. உடம்போ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போவதற்கு ஓர் ஓடை மாதிரி வழி வைத்துக்கொள்ளுமாம். அதற்குள் மாட்டிக்கொண்டால் அது நம்மையும் சேர்த்து எடுத்துப் போய்விடும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது, என் பிள்ளை போய்க்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும்தான்.

கத்தினேன். 'ஹெல்ப்' என்கிற ஒற்றைச் சொல் எனக்குத் தெரியாததா? ஜாம்பியாவில் வேலைக்காரப் பெண்ணிடமும், இங்கே பக்கத்து வீட்டிலும், கடையிலும் நாளெல்லாம் புழங்கிய சொல். அது வரவில்லை.

"புள்ள போகுதே! அய்யோ, ஏம் புள்ள போகுதே!"

கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒரு பெண் சிரித்தபடி கையை ஆட்டினாள். நான் உள்ளே இறங்கினேன். முழங்கால், இடுப்பு. ஓர் அலை வந்து சேலையைக் காலோடு சுற்றிக்கொண்டது. விழுந்தேன். எழுந்து மறுபடியும் கத்தினேன். அதுவும் தமிழில்தான்.

பாறைமேல் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான இத்தாலிக்காரர்தான் என் கை காட்டிய திசையைப் பார்த்தார். போட்டிருந்த சட்டையோடு பாய்ந்தார். ஓடும்போது அவரும் ஏதோ கத்தினார். அது இத்தாலிய மொழி. வித்யாவை எட்டிப் பிடித்தவர் நேரே கரைக்கு இழுத்து வரவில்லை. பக்கவாட்டில் வெகுதூரம் நீந்தி, அங்கிருந்து திரும்பினார். அந்த நேரமெல்லாம் அவர் வேறெங்கோ கொண்டு போகிறார் என்று நினைத்து மணலில் ஓடினேன்.

பிள்ளை பிழைத்தாள். தண்ணீரைக் கக்கிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். கடற்கரைக் காவல் இளைஞன் ஒருவன் வந்து விவரம் எழுதிக்கொண்டான். பெயர், வயது, முகவரி. "தாய்க்கு நீச்சல் தெரியுமா?" என்று படித்தான். தலையைத் தூக்கி என் ஈரச் சேலையைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே 'இல்லை' என்று எழுதிவிட்டான்.

வீடு திரும்பும் வழியில், காரின் பின்சீட்டிலிருந்து வித்யா தன் அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "அம்மா ஏன் என்னிடம் வரவில்லை?"

"அம்மாவுக்கு நீச்சல் தெரியாதும்மா."

"ஏன் தெரியாது?"

அதற்கடுத்த மாதம் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். துணைக்குத் தாய்மார்கள் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் கிளம்பியபோது வித்யா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க வேண்டாம்மா. நீங்க வந்து என்ன பண்ண முடியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் தைத்தது.

4

எங்கள் சிற்றூர் நீச்சல் குளத்துக்குப் போனேன். சேருவதற்கு எழுதிக் கொடுக்க வேண்டிய தாளில் 'ஆரம்பநிலை' என்ற இடத்தில் கோடு போட்டேன். போய்ப் பார்த்தால் நான்கு வயதுப் பிள்ளைகளோடு என்னை நிறுத்தியிருந்தார்கள். ஆரம்பநிலைக்கு வேறு வகுப்பு அந்த ஊரில் இல்லை. நீச்சலுடையை உள்ளே போட்டு, மேலே கணவரின் சட்டையையும் போட்டுக்கொண்டு இறங்கினேன். சட்டையைக் கழற்றச் சொன்னாள் பயிற்சிக்காரப் பெண். மாட்டேன் என்றேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் என் கணவரிடம் படிக்கிற பையன்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வேகமாக ஏதோ சொல்வாள். எனக்குப் புரிவதற்குள் பிள்ளைகள் செய்து முடித்திருப்பார்கள். மூச்சை விடச் சொன்னபோது இழுத்தேன். நான் இருமிய இருமலில் வகுப்பே நின்றது.

அந்தக் கோடை முழுக்கப் போனேன். மிதக்கக்கூட வரவில்லை. பயம் என் காலில் இல்லை, அதற்கும் முன்னால் எங்கோ இருந்தது.

எங்கே என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கிணற்றில், என் தம்பி முருகேசனுக்கு ஏழு வயதானபோது அய்யாவே அவன் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டார். அதைப் பார்க்க நானும் ஓடினேன். படிக்கட்டில் என்னைக் கண்டதும் அய்யா கையில் கிடைத்த கம்பை எடுத்துக்கொண்டு ஏறி வந்தார். என்னை அதற்கு முன்னும் பின்னும் அடிக்காத மனிதர். "பொம்பளப்புள்ளைக்குக் கெணத்துப் பக்கம் என்ன வேல?" என்றார். வீட்டு வாசல் வரைக்கும் என்னை விரட்டிக்கொண்டே வந்தார். அந்த விரட்டலுக்கு அன்று எனக்குக் காரணம் தெரியாது.

கோடை முடிந்து குளத்தை மூடினார்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தோம். கணவரிடம் சொன்னேன்: "எங்க கெணத்துல கத்துக்கிட்டு வாரேன்."

"உங்கய்யா விடுவாரா?"

"கேக்கப்போறதில்ல. எறங்கப்போறேன்."

5

எங்களுக்கு இங்கே கோடையும் நீண்ட பள்ளி விடுமுறையும் மார்கழி, தையில் வரும். அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. குண்டாற்றில் தண்ணீர் போனதாக முருகேசன் சொன்னான். கிணறு மேல்படி வரை நிறைந்து, பாசிபிடித்துப் பச்சையாகக் கிடந்தது. சுற்றிலும் மிளகாயும் மல்லியும் விளைகிற எங்கள் காடு.

கணவரும் வித்யாவும் பாளையம்பட்டி வீட்டில் தங்கினார்கள். நான் முதல் நாளே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். முருகேசனைப் பிடித்துக் கேட்டேன்.

"என்னக்கா வெளாடுறியா? இந்த வயசுல?"

"எனக்கு முப்பத்தாறு வயசுதாம்ல ஆகுது. கத்துக்குடுப்பியா, மாட்டியா?"

"அய்யா என்னையத் தோலை உரிச்சிருவாரு."

"உனக்குத்தான் மீசை நரைக்கப்போகுதே. இன்னுமா அய்யாவுக்குப் பயந்துக்கிட்டு இருக்க?"

அவன் மனைவி சரசு மாவாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "மதினி, சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கங்க, களை எடுக்கப் போறப்பக் கட்டுறாப்புல. காலு தடுக்காது. கேட்டா, கெணத்தடிக்குத் துவைக்கப் போறோம்னு சொல்லிக்கிருவோம்" என்றாள்.

அய்யா அருப்புக்கோட்டைக்கு மிளகாய் விதை வாங்கப் போயிருந்த காலையில் இறங்கினோம். பாளையம்பட்டிக் கடையிலிருந்து கொண்டுவந்த காலி எண்ணெய்க் கேனை என் முதுகில் கட்டினான் முருகேசன். சேலை இரண்டு நிமிடத்தில் அவிழ்ந்தது. அவனுடைய பழைய பேண்ட்டையும் சட்டையையும் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினேன்.

"மூச்சை உள்ள வச்சுக்கிட்டு மல்லாக்கப் படுக்கா. கட்டில்ல படுக்குறாப்புல. தண்ணி ஒன்னைய ஒண்ணும் செய்யாது. நீதான் அதப்போட்டு அடிக்க."

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். குளத்தில் அந்தப் பெண் இதைத்தான் சொல்லியிருப்பாள். 'மல்லாக்க' என்று காதில் விழுந்ததும் என் முதுகு தானாகவே சாய்ந்தது. வானம் தெரிந்தது. காது தண்ணீருக்குள் போனது. மிதந்தேன்.

"அய்யோ, மதினி மெதக்குறாக!" என்று மேலே சரசு கைதட்டினாள்.

அந்தக் கைதட்டல்தான் வினையாகிப் போனது. அடுத்த காட்டில் மல்லிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். பார்த்தது கிணற்றுத் தண்ணீரில் மல்லாந்து அசையாமல் கிடந்த என்னை. நாங்கள் சொல்வதைக் கேட்க அவர் நிற்கவில்லை. மதியத்துக்குள், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த துணைமாலை புருசனோடு சண்டை போட்டுக் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்ற பேச்சு பஸ் ஏறிப் பாளையம்பட்டிக்குப் போய்விட்டது. என் கொழுந்தன் ஸ்கூட்டரில் என் கணவரை ஏற்றிக்கொண்டு பறந்து வந்தான். நான் வீட்டில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என் கணவர் வாசலில் நின்று பார்த்தார். நனைந்த தலைமுடி, முருகேசனின் சட்டை. அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"மெதந்தேன்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு வா சோறு போடு" என்றார்.

6

அய்யா சாயங்காலம் வந்தார். பஸ் ஸ்டாப்பிலேயே அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பையைக்கூட இறக்கி வைக்காமல் என்முன் வந்து நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"ஏந் தாயி, ஒனக்கு அங்க என்ன கொற?"

"கொற ஒண்ணும் இல்லய்யா. நீச்ச படிக்கேன்."

"பொய் சொல்லாத."

வித்யாவைக் கடல் இழுத்துப் போனதை அதுவரை ஊரில் யாரிடமும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. அன்று அய்யாவிடம் சொன்னேன். நான் கரையில் நின்று கத்தியதை, யாருக்கும் புரியாததை, சேலை காலைச் சுற்றியதை. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார். பிறகு, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் பேசாத ஒன்றைப் பேசினார்.

அவருக்கு ஓர் அக்கா இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் இல்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் பொறுக்க முடியாமல் திரும்பி வந்தவளை மறுபடியும் அங்கேயே கொண்டுபோய் விடுவதாக வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். விடியற்காலையில் அவள் கிணற்றுக்குப் போனாள். தண்ணீர் இறைக்க மாடு பூட்டப் போன அய்யாதான் பார்த்தார். அப்போது அவருக்கு இளவயது. நன்றாக நீந்துவார்.

"குதிச்சேன். கைய எட்டிப் பிடிச்சேன். என்னையப் பாத்தா தாயி. அந்த நேரத்துல அவளுக்கு மனசு மாறிப்போச்சு, ஏறணும்னு நெனச்சா. அது அவ கண்ணுல தெரிஞ்சது. ஆனா அவளுக்குக் கையக் கால அடிக்கத் தெரியல. என் கழுத்தக் கட்டிக்கிட்டா. ரெண்டு பேரும் உள்ள போனோம். நான் மட்டும் வந்தேன்."

சரசு அழுதாள். முருகேசன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வரவில்லை. அந்த அத்தையின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் தண்ணீருக்குள் கரையைப் பார்த்துத் திரும்பிய முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அதுக்குத்தான்யா நான் படிக்கணும்" என்றேன். "அவுகளுக்குத் தெரிஞ்சிருந்தா ஏறி வந்திருப்பாகல்ல?"

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் நாங்கள் கிணற்றுக்குப் போனபோது அவர் எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். வண்டியில் லோடு கட்டுகிற கயிறு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். என் இடுப்பில் தானே முடிச்சுப் போட்டார். மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"நான் பிடிச்சிருக்கேன். எறங்கு."

அதிலிருந்து தினமும் வந்தார். முருகேசன் கேனைக் கழற்றிய பிறகும் கயிற்றை அவர் கழற்றவில்லை. நான் கையை வீசினால் கயிறு இழுக்கும். மூழ்கி எழுந்தால் மேலிருந்து வெடுக்கென்று சுண்டுவார். "அய்யா, கொஞ்சம் தளத்துங்க, அக்காவால திரும்ப முடியல" என்று முருகேசன் எத்தனையோ முறை சொன்னான். கேட்கவே மாட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் வித்யாவைக் கணவர் கூட்டி வந்தார். கிணற்றுத் தண்ணீரைப் பார்த்ததும் "இவ்வளவு பச்சையாக இருக்கிறதே" என்று மூக்கைச் சுளித்து மேலேயே நின்றுகொண்டாள். நான் தண்ணீருக்குள் படியில் நின்று எதிர்ச்சுவரைப் பார்த்தேன். அதுவரை பாதிக்கிணறு போய்த் திரும்பியிருக்கிறேன். தண்ணீருக்குள் கையை விட்டு இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன். நனைந்த முடிச்சு லேசில் வரவில்லை, நகம் பெயர்ந்தது. அவிழ்ந்ததும் கயிற்றை விட்டுவிட்டுப் போனேன்.

பின்னால் அய்யா கத்தியது தண்ணீருக்குள் கேட்டது. கயிறு அவர் கையில் தொய்ந்துபோயிருக்க வேண்டும். "தாயி! ஏய் முருகேசா! புள்ள எங்கடா!" அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கப் போவதற்குள் என் கை எதிர்ச்சுவர்க் கல்லைத் தொட்டது. பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

"அய்யா, நான் இங்கிட்டு இருக்கேன்!"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. வித்யா அவரை விநோதமாகப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் திரும்பி நீந்தி வந்து படியைப் பிடித்தபோது அய்யா துண்டை விலக்காமலே சொன்னார்:

"சரசுக்கும் சொல்லிக்குடுக்கச் சொல்லு அவன."

7

கிணறு வேறு, கடல் வேறு. ஊரிலிருந்து திரும்பி வந்து ஃப்ரீமேண்டிலில் முதல் முறை இறங்கியபோது அதைத் தெரிந்துகொண்டேன். கிணற்றில் நான்கு பக்கமும் கைக்குக் கல் உண்டு. கடல் ஆளைத் தூக்கிப் போடும். உப்பு கண்ணைக் கரிக்கும். முதல் நாள் ஓர் அலை என்னைப் புரட்டி மணலில் தேய்த்துக் கரையில் தள்ளியது. எழுந்து மறுபடி போனேன். அடுத்த கோடையிலும் போனேன். அதற்கடுத்த கோடையிலும். கடற்கரைக் காவல் பிள்ளைகளிடம், தண்ணீர் திரும்பிப் போகிற வழியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டுக் கேட்டு நச்சரித்தேன். நுரை இல்லாமல், அலை உடையாமல், அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் ஆபத்து என்றார்கள். இழுத்தால் எதிர்த்து நீந்தாதே, பக்கவாட்டில் போ, களைத்தால் மல்லாந்து மித. கடைசியாகச் சொன்னது எனக்கு முன்பே தெரியும்.

வித்யா இதற்குள் வளர்ந்துவிட்டாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். தோழிகள் வந்தால் என்னைச் சமையலறையிலேயே இருத்திவிடுகிற சாமர்த்தியம். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் ஊர் இது. பதினைந்து வயதில், கோடை விடுமுறையில் தோழிகளோடு ஃப்ரீமேண்டில் பக்கத்துக் கடற்கரைக்குப் போவதாகச் சொன்னாள். கார் ஓட்ட ஆள் வேண்டும். நான் ஓட்டிக்கொண்டு போனேன்.

கரையிலிருந்து நல்ல தூரத்தில், தண்ணீரில் ஒரு மிதவை மேடை கட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் அதுவரை நீந்திப் போய் ஏறி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் முழங்கால் வரை நீண்ட நீச்சலுடையில் கரையில் நின்று, தண்ணீரை வெகுநேரம் பார்த்தேன். நுரை எங்கே, நுரை இல்லாத இடம் எங்கே. பிறகு இறங்கினேன்.

பாதித் தூரத்தில் கை ஓய்ந்தது. மல்லாந்து படுத்தேன். காதுக்குள் கடல் உறுமியது. நான் அசையாமல் கிடந்ததை மேடையிலிருந்து பார்த்திருக்க வேண்டும். "அம்மா!" என்று ஒரு குரல். தண்ணீர் தெறிக்க யாரோ குதித்த சத்தம். வித்யா என் பக்கத்தில் வந்து தலையைத் தூக்கினாள். கண்களில் பயம்.

"என்னம்மா ஆச்சு? என்னைப் பிடிச்சுக்கங்க!"

"ஒண்ணும் ஆகல. களைப்பாறுறேன். நீ போ."

அவள் போகவில்லை. நான் புரண்டு கையை வீச ஆரம்பித்ததும் என்னைவிட வேகமாக நீந்தக்கூடியவள் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். மேடை ஏணியை நான் பிடித்து ஏறியதும் தோழிகள் இடம் விட்டார்கள். உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி திரும்பிப் பார்த்தேன்.

இத்தனை வருடம் அந்த ஊரிலிருந்து நான் கடலைப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் கடலிலிருந்து ஊரைப் பார்த்தேன். துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தூரத்தில் நின்றன. சுண்ணாம்புக்கல் சுவர்கள் வெயிலில் மஞ்சளாக இருந்தன. எங்கெங்கிருந்தோ கப்பலில் வந்து சேர்ந்தவர்களுக்கு இந்த ஊர் இப்படித்தான் முதலில் தெரிந்திருக்கும். டாக்டர் காற்று வீசத் தொடங்கி, அலைகள் கொஞ்சம் பெரிதாகின.

"கரையில் இருக்கிற காவல்காரனைப் படகோடு வரச் சொல்லட்டுமா?" என்று ஒரு தோழி கேட்டாள்.

வித்யா என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "வேண்டாம். எங்கம்மாவுக்கு நீச்சல் தெரியும்."

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கை வலி தணிந்ததும் ஏணியைப் பிடித்து இறங்கினேன்.